இடது பக்கத்துச் சக்கரம்

மாமா அந்தத் தண்ணீர்க் குழாயின் மேல் ஏறி நின்றார்.

குழாய், வீல் ஸ்பேனரின் கைப்பிடியில் செருகியிருந்தது. ஸ்பேனர், காரின் இடது பக்க முன்சக்கரத்து நட்டில் மாட்டியிருந்தது. மாமா வேட்டியை மடித்துக் கட்டி, எங்கள் லயத்து வீட்டுச் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, குழாயின் நுனியில் ஒரு துள்ளுத் துள்ளினார்.

'டக்' என்று ஒரு சத்தம்.

குழாய் ஒரு பக்கம் போனது. மாமா இன்னொரு பக்கம், அம்மா பப்படம் காயப் போட்டிருந்த பாயில் உட்கார்ந்திருந்தார். நட்டு உருண்டு வந்து எங்கள் வாசற்படியில் இடித்து நின்றது. அதற்குள் ஒடிந்த இரும்புத் துண்டு ஒன்று அப்படியே சிக்கியிருந்தது.

நான் முகமெல்லாம் மஞ்சளோடு ஜன்னலில் நின்று இதைப் பார்த்தேன். மறுநாள் காலை எனக்குக் கல்யாணம். அந்தக் கார்தான் கல்யாணக் கார்.

தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் நான் தொட்டில் ஆட்டிய கதையைப் போன வாரம் இங்கே படித்த வாசகி ஒருவர், "உங்க கல்யாணம் எப்பம்மா வரும்?" என்று கேட்டிருக்கிறார். இதோ வந்துவிட்டது. ஆனால் இதில் புடவையைவிட இரும்புதான் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தவக்களை வந்த வழி

இறப்பர்த் தோட்டத்து லயத்து வாசலில் ஸ்போர்ட்ஸ் கார் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். தள்ளித் தள்ளித்தான் வந்தது.

அது எங்கள் தோட்டத்து மேனேஜராக இருந்த பழைய பெரிய துரையின் கார். சிவப்பு நிறம், துணிக்கூரை, இரண்டே இரண்டு சீட்டு. முன் விளக்குகள் இரண்டும் மேலே பிதுங்கி நிற்கும். அதனால் தோட்டத்தில் எல்லோருக்கும் அது தவக்களை. துரை ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வெளியே எடுப்பார். பாதி ஞாயிறுகளில் அது வழியில் நின்றுவிடும். அப்போது பங்களாவில் தோட்ட வேலை பார்த்த என் அண்ணன்தான் போய்த் தள்ளுவான்.

அரசாங்கம் தோட்டங்களைக் கம்பெனிகள் கையில் கொடுத்த சமயத்தில் துரை மூட்டை கட்டினார். கார் அன்றைக்கும் கிளம்பவில்லை. "உன்னளவுக்கு இதை யாரும் தொட்டதில்லை, நீயே வைத்துக்கொள்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார். அண்ணனும் கூட்டாளிகளும் அதை மேட்டிலிருந்து லயத்துக்குத் தள்ளி வந்தார்கள். முதல் வருஷம் அதில் கோழி முட்டையிட்டது. அடுத்த வருஷம் அண்ணன் தெஹியோவிட்ட டவுனில் கார் பழுதுபார்க்கும் கராஜ் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். அதற்கடுத்த வருஷம் கார் ஓடியது.

ஓடியது என்றால், சைலன்சரில் ஓட்டை. அது வருவது அடுத்த டிவிஷனுக்கே கேட்கும். அந்தச் சத்தம்கூட எனக்கு ஒரு பக்கமாகத்தான் கேட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் காரே எனக்குத் தேவைப்பட்டது.

ஏன் அந்தக் கார்

எனக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் சீழ் பிடித்து, தோட்டத்து டிஸ்பென்சரியில் சொட்டு மருந்து விட்டு விட்டுப் பார்த்து, கடைசியில் அந்தப் பக்கம் கதவு சாத்திக்கொண்டது. வலது காது நன்றாகக் கேட்கும். பிள்ளைகள் அழுதால் எந்தத் தொட்டில் என்றுதான் சட்டென்று தெரியாது. அதனால் எல்லாத் தொட்டிலையும் ஆட்டுவேன். மற்றபடி ஒரு குறையும் இல்லை.

தோட்டம் முழுக்க இது தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் தெரியாது. "கல்யாணம் முடியட்டும். பொறகு தானா தெரிஞ்சிக்குவாங்க" என்றார் அப்பா. நான் எதிர்த்துப் பேசினேன். அம்மா என் வாயைக் கையால் பொத்தினாள்.

எனக்குப் பயம் இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது. மேல் லயத்து சரசு அக்காவுக்கு வலிப்பு வரும். அதை மறைத்துக் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, மாமியார் பெட்டியோடு கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். வலிப்புக்காக அல்ல, மறைத்ததற்காக என்றார்கள். அந்த அக்கா அதற்குப் பிறகு யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் வந்ததில்லை.

மாப்பிள்ளை பஸ் டிரைவர். (பெயரை எழுதமாட்டேன். பழைய பத்தினி என்று நினைக்க வேண்டாம், எழுதினால் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் நியாயம் கேட்பார்.) பெண் பார்க்க வந்தபோது எங்கள் ஒற்றை அறைக் காம்பரா நிறையச் சனம். அவர் யார் பேசினாலும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பியே கேட்டார். "ரொம்பக் கூச்ச சுபாவம்" என்று பொன்னம்மா அத்தை சான்றிதழ் கொடுத்தாள். நாங்கள் ஒரு வார்த்தை தனியாகப் பேசவில்லை.

தாலிக்கு முன்னால் சொல்ல வழியில்லை. பிறகாவது, அவருடைய அம்மாவும் சொந்தக்காரரும் கண்டுபிடிப்பதற்கு முன்னால், என் வாயால் நானே சொல்லிவிட வேண்டும். கோவிலிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போகும் வழிதான் ஒரே இடம். ஆனால் அப்பா பேசி வைத்திருந்ததோ வேன். வேனில் பொண்ணு ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம், நடுவில் மாமியார், பின்னால் அத்தைமார், மடியில் பிள்ளைகள்.

"அண்ணே, நான் தவக்களையில போறேன்" என்றேன்.

"அது என்னாத்துக்கு?"

"அதுல ரெண்டு சீட்டுதானே இருக்கு."

அண்ணன் புரிந்துகொண்டான். நேராக அப்பாவிடம் போய், "மாப்புள்ள பஸ்ஸே ஓட்டுறவரு, இத ஓட்டமாட்டாரா? தோட்டமே பாக்கட்டும் நம்ம மரியாதைய" என்றான். மரியாதை என்ற சொல்லுக்கு அப்பா எப்போதும் மசிந்துவிடுவார்.

தாய்மாமன் கை

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை இடது முன்சக்கரத்தில் காற்று இறங்கியிருந்தது. சின்னப் பஞ்சர்தான். அண்ணன் வாழை மரம் வெட்டப் போயிருந்தான். அவன் வரும்வரை சும்மா இருந்திருக்கலாம்.

ஆனால் அன்று தாய்மாமன் வந்திருந்தார். எங்களில் பெண்ணுக்கு எதைச் செய்தாலும் முதல் கை தாய்மாமன் கை. பந்தக்கால் அவர் தொட்டுத்தான் ஊன்ற வேண்டும். மாலை அவர் கையால்தான் விழ வேண்டும். "எந் தங்கச்சி மக போற வண்டி. வேற எவனும் கை வைக்கப்படாது" என்று ஸ்பேனரை எடுத்துவிட்டார்.

மாமாவும் டிரைவர்தான். பக்கத்துத் தோட்டத்து லொறியைத் தலைமுடி நரைக்கும்வரை ஓட்டியவர். அந்தப் பழைய லொறியில் ஒரு விசேஷம் உண்டு. வலது பக்கச் சக்கரத்து நட்டுகள் எல்லா நட்டையும்போலத் திரும்பும். இடது பக்கத்து நட்டுகளுக்குத் திருகு மரை எதிர்ப்பக்கமாக வெட்டியிருக்கும். ஓடும்போது தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. மற்ற நட்டை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகுமோ, அந்தப் பக்கம் திருப்பினால்தான் இது கழலும். மாமாவின் கைக்கு அது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம்.

தவக்களையில் அப்படி ஒன்றும் இல்லை. நாலு சக்கரத்துக்கும் ஒரே மரைதான். மாமா கழற்றுவதாக நினைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து இறுக்கினார். அசையவில்லை. "துரு ஏறிக் கெடக்கு" என்றார். குழாயைச் செருகினார். அதற்கும் அசையவில்லை என்று மேலேயே ஏறினார். மிச்சக் கதையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

ஒடிந்தது ஸ்டட். சக்கரம் போய் உட்காருகிற, மரை போட்ட தடித்த கம்பி. சக்கரத்துக்கு நாலு இருக்கும்.

அண்ணன் வாழை மரத்தோடு வந்தான். ஒடிந்த துண்டைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், பப்படப் பாயையும் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவன் வாயைத் திறப்பதற்குள் அம்மா கண்ணைக் காட்டினாள். கல்யாணத்துக்கு முதல் நாள் தாய்மாமனிடம் "நீங்க திருப்புனது தப்பு" என்று சொன்னால் என்ன நடக்கும்? அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடப்பார். மாமன் இல்லாமல் மாலை விழாது.

"ஸ்டட்டு பழசு மாமா" என்றான் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அதானே பாத்தேன்" என்றார் மாமா.

அப்பாவுக்கு இது சகுனத் தடை. "கல்யாண வண்டி மூணு கால்ல போகக் கூடாது. வேனுக்கே சொல்லிருவோம்" என்றார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "சாயங்காலத்துக்குள்ள நாலு கால்ல நிப்பாட்டுறேன். இல்லாட்டி வேனுக்குச் சொல்லுங்க" என்றான்.

அவிசாவளை வரை

அண்ணன் முதலில் மிச்ச நட்டுகளைச் சரியான பக்கம் திருப்பிக் கழற்றினான். அதற்கும் அதே குழாய்தான் வேண்டியிருந்தது, அவ்வளவு இறுக்கியிருந்தார் மாமா. பிறகு ஜெக் வைத்துத் தூக்கி, அடியில் இறப்பர் மரக் கட்டைகளை அடுக்கி, சக்கரத்தை எடுத்தான். பிரேக் டிரம்மைத் தட்டிக் கழற்றினான். நடு நட்டின் ஊசியை நிமிர்த்தி உருவி, ஸ்டட்டுகள் பதிந்திருக்கும் ஹப்பையும் வெளியே எடுத்தான். அதிலிருந்த குண்டு பெயரிங்குகளை வாழை இலையில் வைத்து, மேலே இன்னொரு இலையால் மூடினான். அந்த இலையில் யாரோ சாப்பாடு போடப் பார்த்தார்கள்.

ஹப்பைக் கட்டைமேல் வைத்துச் சுத்தியலால் முன்பக்கத்திலிருந்து அடித்தான். ஒடிந்த மிச்சம் பின்பக்கமாக விழுந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டு, பஞ்சர் சக்கரத்தைத் தோளில் ஏற்றி, அவிசாவளை பஸ்ஸைப் பிடித்தான்.

வழியில் ஆர்மிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். யுத்தம் நடந்த அந்த நாட்களில் அது வழக்கம். தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டை, தோளில் ஒரு சக்கரம், பையில் ஒரு இரும்புத் துண்டு. "மே மொகத்த?" என்று துண்டைத் தூக்கிக் காட்டிக் கேட்டான் ஒரு ஆர்மிப் பையன். இது என்ன என்று அர்த்தம். "ஸ்டட் எகக் சேர். ஹெட்ட நங்கிகே மகுல" என்றான் அண்ணன். ஒரு ஸ்டட் சேர், நாளைக்குத் தங்கச்சிக்குக் கல்யாணம் என்று அர்த்தம். ஸ்டட்டுக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தப் பையனுக்கு விளங்கவில்லை. அண்ணன் மாமா கதையை முழுக்கச் சிங்களத்தில் சொல்லியிருக்கிறான். பையன் சிரித்துவிட்டானாம். அவனுடைய மாமாவும் அப்படித்தானாம். சக்கரத்தை அவனே தூக்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

அவிசாவளைக் கடைகளில் அதே ஸ்டட் இல்லை. கிட்டத்தட்ட ஒன்று கிடைத்தது. நுனி கொஞ்சம் நீளம், அடியில் பல் வெட்டிய இடம் ஒரு மயிரளவு தடிப்பு. லேத் மெஷின் வைத்திருந்த மெக்கானிக் பாஸ் ஒருவர் நுனியை அறுத்துக் கொடுத்தார். தடிப்பை அவர் தொடவில்லை. இறுக்கமாகப் போனால் நல்லதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அண்ணன் பஞ்சரையும் ஒட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

மஞ்சள் கால்

பொழுது சாயத் தொடங்கியபோது அண்ணன் புது ஸ்டட்டை ஹப்பின் பின்பக்கமிருந்து செருகிச் சுத்தியலால் அடித்தான். முக்கால்வாசி போனது. அதற்கு மேல் அடித்தால் ஹப் வெடித்துவிடும் என்று நிறுத்திவிட்டான். ஹப்பையும் டிரம்மையும் மறுபடி காரில் பூட்டினான். ஸ்டட்டின் மேல் வாஷர்களை அடுக்கி, நட்டைப் போட்டு இறுக்கினான். நட்டு இறுக இறுக ஸ்டட் முன்னால் இழுபட்டு வந்து உட்கார வேண்டும்.

ஆனால் நட்டைத் திருப்பினால் டிரம்மும் சேர்ந்து சுற்றியது. யாராவது உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும்.

பந்தல் போட வந்தவர்களில் இரண்டு பேர் ஏறிப் பார்த்தார்கள். அந்தக் காரில் பெடல்கள் ஒட்டி ஒட்டி இருக்கும். அவர்கள் கால் இரண்டு பெடலை ஒரே நேரத்தில் மிதித்தது. ஒருவர் உள்ளே போனதும் முழங்கால் ஸ்டியரிங்கில் சிக்கி, இழுத்து எடுக்க வேண்டியதாயிற்று.

"லெச்சுமிய வரச் சொல்லுங்க. அவ கால்தான் சின்னது" என்று அண்ணன் என்னைக் கூப்பிட்டான்.

பொன்னம்மா அத்தை வாசலை மறித்துக்கொண்டாள். "நலங்கு வச்ச புள்ள வாசப்படி தாண்டக் கூடாது. காத்து கருப்பு அண்டும்."

"அப்ப என்னா செய்யிறது அத்தை?" என்றான் அண்ணன்.

"போயே ஆகணும்னா கையில இரும்பு வச்சிக்கிட்டுப் போகட்டும்."

"அவ போய் ஒக்காரப் போறதே இரும்புக்குள்ளதானே!"

அப்படியும் அத்தை பாக்குவெட்டியை என் கையில் திணித்துத்தான் அனுப்பினாள். நான் மஞ்சள் பூசிய வெறுங்காலோடு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பாக்குவெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பிரேக்கை மிதித்தேன்.

அண்ணன் இருந்தது இடது சக்கரத்தின் பக்கம். அவன் சொல்வது எனக்குக் கேட்காது. அது அவனுக்கும் தெரியும், அதனால் அவன் வாயே திறக்கவில்லை. பானட்டுக்கு மேலே கையை உயர்த்தினால் மிதிப்பேன். இறக்கினால் விடுவேன். சின்ன வயதிலிருந்தே எங்களுக்குள் அப்படித்தான். கிரீஸ் படிந்த அந்தக் கை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. இந்த வீட்டை விட்டுப் போனால் எனக்காக யார் இப்படிக் கையைத் தூக்குவார்கள் என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. மஞ்சள் கலைந்துவிடும் என்று துடைக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் நட்டு ஒரு முனகல் முனகி நின்றது. அண்ணன் பின்னால் விரலை விட்டுத் தடவினான். ஸ்டட்டின் தலை ஹப்போடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. சக்கரத்தை மாட்டி, நாலு நட்டையும் குறுக்குக்குக் குறுக்கு இறுக்கினான்.

மாமா தூரத்தில் திண்டில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். முகம் சுருங்கியிருந்தது. காலையிலிருந்து அவரை யாரும் ஒரு வேலைக்கும் கூப்பிடவில்லை. அண்ணன் ஸ்பேனரை எடுத்துப்போய் அவரிடம் நீட்டினான். இவர் பாடப்படி இறுக்கினால் இடது சக்கரம் கழன்றுவிடுமே!

"மாமா, ஒங்க கைதான் முக்கியம். நீங்க இறுக்கிக் குடுக்கணும்" என்று அவரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து, வலது பக்கச் சக்கரத்துக்கு முன்னால் உட்கார வைத்தான்.

அங்கே லொறிக்கும் காருக்கும் ஒரே மரைதான். மாமா மனநிறைவோடு இறுக்கினார். அந்தக் குழாயை மட்டும் அதற்குள் அம்மா மறைத்துவிட்டாள்.

ரெண்டு பேர்

கோவிலில் என்னை மாப்பிள்ளைக்கு வலது பக்கம் உட்கார வைத்தார்கள். என் கேட்காத காது அவர் பக்கம். கெட்டிமேளம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் என் பக்கம் குனிந்து என்னவோ கேட்டார். உதடு அசைந்தது தெரிந்தது, ஒரு சொல்லும் விழவில்லை. திருப்பிக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். தலையாட்டி வைத்தேன். அவர் முகம் சட்டென்று தெளிந்தது. தாலி கட்டினார்.

தவக்களை நாலு காலில் நின்றது. வலது பக்கம் அவர் ஸ்டியரிங் பிடித்தார். இடது பக்கம் நான். இப்போது என் நல்ல காது அவர் பக்கம் இருந்தது. மாமியார் வேனிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். முதல் வளைவில் வேன் பின்தங்கிவிட்டது.

"ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும்" என்றேன்.

"ஆங்?"

கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். மறுபடி "ஆங்?" சைலன்சர் ஓட்டையை மனதுக்குள் திட்டினேன். இறப்பர் ஸ்டோருக்குப் பக்கத்தில் இறப்பர்ப் பால் எடுத்துப்போகும் டிரக்டர் ஒன்று பாதையை மறித்து நின்றது. பால் நிறுக்க வாளிகளோடு பெண்கள் வரிசையில் இருந்தார்கள். இனித் தள்ளிப்போட முடியாது என்று கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன்.

"எனக்கு இடது காது கேக்காது!"

அந்த நொடியில்தான் அவர் இஞ்சினை நிறுத்தியிருந்தார்.

இறப்பர்த் தோட்டமே அமைதியாக இருந்தது. வாளி வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அது எங்களுக்குத் தெரியுமே லெச்சுமி! மாப்புள்ளைக்கிட்ட சொல்லு!" என்றாள் ஒருத்தி.

அவர் சிரிக்கவில்லை. உடம்பை முழுக்கத் திருப்பி, தன் வலது காதை என்னிடம் கொண்டுவந்தார். "இதுல சொல்லு. பஸ்ஸுல இஞ்சின் எனக்கு இடது பக்கம்தான் கெடக்கு. அந்தக் காது ரொம்ப நாளா மந்தம். அம்மா சொல்ல வேணாம்னாங்க. எனக்கு மனசு கேக்கல. அதான் தாலி கட்ட முந்தி மணவறையிலயே ஒங்கிட்ட கேட்டேனே."

"என்னா கேட்டீங்க?"

"எனக்கு ஒரு காது மந்தம், ஒனக்குச் சம்மதமான்னு. நீதான் தலையாட்டுனியே!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சம்மதம் என்று மறுபடி சொன்னேன், இந்த முறை அவருடைய வலது காதில்.

இன்றைக்கும் நாங்கள் ரோட்டில் சேர்ந்து நடந்தால், இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் கேட்கும். நல்ல நாட்களில் அவருக்கு இடப்பக்கம் நடந்து அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு போவேன். சண்டை வந்தால் சட்டென்று வலப்பக்கம் மாறிவிடுவேன். அங்கிருந்து நான் சொல்வதெல்லாம் அவருக்குக் கேட்கும். அவர் சொல்வது எனக்குக் கேட்காது.